விண்டோஸ் லைசன்ஸ்: மறுபடி காசு கொடுக்கும் முன்னாடி இதை செக் பண்ணுங்க



லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சுன்னு சர்வீஸுக்குக் கொடுக்கறீங்க. "ஓஎஸ் மறுபடி போடணும் சார், ஒரிஜினல் விண்டோஸ்னா கீ தனியா வாங்கணும்"னு சொல்றாங்க. இல்லைன்னா, "உங்களோடது விண்டோஸ் 10, அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, 11-க்கு லைசன்ஸ் வாங்கணும்"னு சொல்றாங்க. மாசக் கடைசியில இப்படி ஒரு செலவு வந்தா என்ன பண்ணுவோம்? ஒண்ணு, கார்டைத் தேய்ச்சு முழு விலைக்கு வாங்குவோம். இல்லைன்னா, ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கீயைத் தேடிப் போவோம்.

பெரும்பாலான நேரத்துல இந்த ரெண்டுமே தேவையில்லை. ஏன்னா, நீங்க லேப்டாப் வாங்கின அன்னைக்கே அந்த லைசன்ஸுக்கும் சேர்த்துதான் காசு கொடுத்திருக்கீங்க. அது உங்க சொத்து. ஆனா ஒரு வீட்டை வாங்கும்போது பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு பார்க்கிற மாதிரி, இந்த லைசன்ஸ் எதோட ஒட்டிக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். மெஷினோடவா, உங்களோடவா, கம்பெனியோடவா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சா, ரீசெட், அப்கிரேடு, ரிப்பேர், செகண்ட் ஹேண்ட் எதுவா இருந்தாலும் காசு கொடுக்கணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிடலாம்.

முதல்ல, மூணு வகை லைசன்ஸ்

1. ஓஇஎம் லைசன்ஸ். கடையில விண்டோஸோட வர்ற லேப்டாப் எல்லாமே கிட்டத்தட்ட இந்த வகைதான். தயாரிப்பாளரே லைசன்ஸ் வாங்கி மெஷின்ல போட்டுத் தர்றாங்க. இது அந்த மெஷினுக்கு மட்டும்தான். வேற லேப்டாப்புக்கு மாத்த முடியாது. லைசன்ஸ் கணக்குல "மெஷின்"னா மதர்போர்டுதான். விண்டோஸ் 8 காலத்துல இருந்து இந்த கீ மதர்போர்டு சிப்புக்குள்ளேயே பதிவாகி வருது. அதனாலதான் இப்ப லேப்டாப் அடியில கீ அச்சடிச்ச ஸ்டிக்கர் இருக்கறதில்லை.

2. ரீடெய்ல் லைசன்ஸ். நீங்க தனியா காசு கொடுத்து வாங்கறது. 25 எழுத்து கொண்ட ப்ராடக்ட் கீ வரும், இல்லைன்னா ஆன்லைன்ல வாங்கினா உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேரும். விலை அதிகம். அமெரிக்காவில் ஹோம் பதிப்பு 139 டாலர், ப்ரோ 199 டாலர். நம்ம ஊர்ல ஹோம் பதிப்பே 10,000 ரூபாயை ஒட்டி வரும். ஆனா இதைப் பழைய மெஷின்ல இருந்து எடுத்துப் புது மெஷினுக்கு மாத்திக்கலாம். ஒரு நேரத்துல ஒரு மெஷின், அவ்வளவுதான் கண்டிஷன்.

3. வால்யூம் லைசன்ஸ். கம்பெனி, காலேஜ் மாதிரி அமைப்புகள் மொத்தமா வாங்கறது. உரிமை அமைப்புக்குத்தான், உங்களுக்கு இல்லை. இதுல ஒரு முறை, கம்பெனி சர்வரோட பேசி ஆக்டிவேட் ஆகும். அந்த ஆக்டிவேஷன் 180 நாளைக்குத்தான் செல்லும். அதுக்குள்ள மறுபடி சர்வரைத் தொடர்பு கொண்டா புதுப்பிக்கும், இல்லைன்னா காலாவதி.

உங்களோடது எது? 1 நிமிஷத்துல பார்க்கலாம்

விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ் போய், சிஸ்டம், அதுக்குள்ள ஆக்டிவேஷன். விண்டோஸ் 10-ல செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன். அங்க வர்ற வாசகத்தை வெச்சு இப்படிப் புரிஞ்சுக்கோங்க:

- "டிஜிட்டல் லைசன்ஸ்" மூலமா ஆக்டிவேட் ஆகியிருக்குன்னு வந்தா, உங்க மெஷினோட அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வர்ல பதிவாகியிருக்கு. மறுபடி விண்டோஸ் போட்டாலும் கீ தேட வேண்டாம்.
- "டிஜிட்டல் லைசன்ஸ், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோட இணைக்கப்பட்டது"ன்னு வந்தா இன்னும் நல்லது. பின்னாடி ஏதாவது பாகம் மாத்தினா மீட்டெடுக்க வழி இருக்கு.
- "ஆர்கனைசேஷன்" அல்லது "ஆக்டிவேஷன் சர்வீஸ்"னு வந்தா, அது கம்பெனி லைசன்ஸ். உங்க சொந்த லேப்டாப்ல இப்படி வந்தா, யாரோ சம்பந்தமில்லாத ஒரு லைசன்ஸை அதுல ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

அதே பக்கத்துல ஹோமா, ப்ரோவான்னும் இருக்கும். ஒரு போட்டோ எடுத்து, லேப்டாப் பில்லோட சேர்த்து வெச்சுடுங்க. இதுக்குச் செலவு பைசா கிடையாது.

அக்கவுண்டோட இணைக்கலைன்னா இன்னைக்கே இணைச்சுடுங்க. ஆனா இதுல பலருக்கும் ஒரு தப்பான புரிதல் இருக்கு. ஓஇஎம் லைசன்ஸை அக்கவுண்டோட இணைச்சா அது ரீடெய்ல் ஆயிடாது. அதே மெஷினை மறுபடி அடையாளம் காட்டத்தான் அது உதவும். புது லேப்டாப்புக்குத் தூக்கிட்டுப் போக முடியாது.

ரீசெட் பண்ணணுமா? கீ தேவையில்லை

ஸ்லோ ஆயிடுச்சு, வைரஸ் வந்துடுச்சு, ஹார்டு டிஸ்க் போய் புது எஸ்எஸ்டி போடறீங்க. இந்த எல்லாத்துலயும் மதர்போர்டு மாறலை. அதனால லைசன்ஸ் அப்படியே இருக்கு. இன்ஸ்டால் பண்ணும்போது கீ கேட்டா, "என்கிட்ட கீ இல்லை"ங்கற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து மேல போகலாம். பழைய பதிப்பையே போடுங்க. முடிஞ்சதும் இன்டர்நெட் இணைச்சா தானா ஆக்டிவேட் ஆயிடும்.

நிறைய பேர் மாட்டிக்கறது "பழைய பதிப்பையே"ங்கற இடத்துலதான். உங்க லைசன்ஸ் ஹோமுக்கு. கடையில ப்ரோ போட்டுக் கொடுத்துட்டா அது ஆக்டிவேட் ஆகாது. "கீ வேணும்"னு கேட்கும். அப்ப நீங்க வாங்க வேண்டியது புது கீ இல்லை, ஹோமை மறுபடி போடச் சொல்லணும், அவ்வளவுதான். சரி, ப்ரோ நமக்குத் தேவையா? ரிமோட்டா அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள வர்றது, ஆபீஸ் டொமைன்ல சேர்க்கறது, விர்ச்சுவல் மெஷின் ஓட்டறது மாதிரி வேலைகளுக்குத்தான் அது. நெட் பேங்கிங், எக்ஸெல், ஓடிடி, ஐடி ரிட்டர்ன் இதுக்கெல்லாம் ஹோம் போதும்.

ரீசெட்டுக்கு முன்னாடி இந்த வரிசையில செய்யுங்க:

1. முக்கியமான ஃபைல் எல்லாத்தையும் வெளி டிஸ்க்லயோ கிளவுட்லயோ காப்பி எடுங்க. ஃபார்ம் 16, முதலீட்டு ஸ்டேட்மென்ட், சம்பள ஸ்லிப் இதெல்லாம் டெஸ்க்டாப்லதான் கிடக்கும், மறக்காதீங்க.
2. பிட்லாக்கர் ரெக்கவரி கீ எங்க இருக்குன்னு பாருங்க. இது 48 இலக்க எண். லைசன்ஸ் கீ வேற, இது வேற. விண்டோஸ் 11-ல நிறைய லேப்டாப்ல டிஸ்க் தானாவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், உங்களுக்கே தெரியாது. பயாஸ் அப்டேட் பண்ணாலோ, மதர்போர்டு மாத்தினாலோ இந்த எண்ணைக் கேட்கும். இல்லைன்னா டிஸ்க்ல இருக்கிற டேட்டா திரும்பக் கிடைக்காது. பொதுவா உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல பதிவாகியிருக்கும். உள்ள போய்ப் பார்த்துப் பேப்பர்ல எழுதி வைங்க.
3. எந்த ஈமெயில்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இருக்கு, பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கான்னு செக் பண்ணுங்க. கடைக்காரர் தன்னோட அக்கவுண்ட்ல செட் பண்ணிக் கொடுத்த லேப்டாப்பா இருந்தா, முதல்ல அதை உங்க பேருக்கு மாத்துங்க.
4. லேப்டாப்போட இலவசமா வந்த ஆஃபீஸ் இருந்தா, அது எந்த அக்கவுண்ட்ல ஆக்டிவேட் ஆச்சுன்னு பாருங்க. ரீசெட்டுக்கு அப்புறம் அதே அக்கவுண்ட்ல லாகின் பண்ணாதான் திரும்ப வரும்.
5. அப்புறம் செட்டிங்ஸ்ல ரெக்கவரி, "ரீசெட் திஸ் பிசி". ஃபைலை வெச்சுக்கறதா, எல்லாத்தையும் அழிக்கறதான்னு கேட்கும். விக்கப்போறீங்கன்னா ரெண்டாவது. கிளவுட்ல இருந்து டவுன்லோடு பண்ணப் போறீங்கன்னா சுமார் 4 ஜிபி டேட்டா ஆகும்.

இதை வீட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யலாம். கடையில செய்யச் சொன்னா அவங்க உழைப்புக்குக் கூலி கொடுங்க, அது நியாயம். ஆனா பில்லுல "விண்டோஸ் லைசன்ஸ்"னு தனியா ஒரு தொகை வந்தா, எதுக்குன்னு கேளுங்க.

மதர்போர்டு போச்சுன்னா கணக்கு மாறும்

ஓஇஎம் லைசன்ஸ் மதர்போர்டோட போயிடும்னு சொன்னேன். இதுல ஒரு விலக்கு இருக்கு. போர்டு பழுதாகி, தயாரிப்பாளரோட அதே மாடல் அல்லது அதுக்கு ஈடான போர்டை மாத்தினா, பழைய லைசன்ஸே தொடரும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்ல மாத்தும்போது, "புது போர்டுல விண்டோஸ் கீ ஏத்திட்டீங்களா?"ன்னு கேட்டு, ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்துட்டு வண்டியைக் கிளப்புங்க.

வெளியில வேற ஏதோ போர்டு போட்டா நிலைமை வேற. ஒரு உதாரணம் பார்ப்போம். 5 வருஷப் பழைய லேப்டாப். போர்டு மாத்த 9,000 ரூபாய் சொல்றாங்க. அதோட ஒரிஜினல் விண்டோஸ் சுமார் 10,000. மொத்தம் 19,000. அந்த லேப்டாப்பையே இன்னைக்கு வித்தா 12,000 கூட வராதுன்னா, ரிப்பேர் பண்றது லாபமா? "9,000-தானே"ன்னு முடிவெடுக்கறவங்க பாதிக் கணக்கைத்தான் பார்க்கறாங்க.

ரீடெய்ல் லைசன்ஸ் வெச்சிருந்தா இந்தக் கவலை இல்லை. அக்கவுண்டோட இணைச்சிருந்தா, ஆக்டிவேஷன் பக்கத்துல ட்ரபுள்ஷூட் போய், "சமீபத்துல ஹார்டுவேர் மாத்தினேன்"ங்கறதைத் தேர்ந்தெடுத்து, லாகின் பண்ணி மீட்டெடுக்கலாம்.

விண்டோஸ் 10-ல இருந்து 11: காசு லைசன்ஸுக்கு இல்லை

விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது. ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 உங்ககிட்ட இருந்தா, 11-க்கு மாறறது இலவசம். ஹோம்ல இருந்து ஹோம், ப்ரோவுல இருந்து ப்ரோ. யாராவது "11 லைசன்ஸ்"னு காசு கேட்டா, கேள்வி கேளுங்க.

தடை வர்றது ஹார்டுவேர்ல. 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு அம்சம், அப்புறம் பட்டியல்ல இருக்கிற ப்ராசஸர். பொதுவா இன்டெல்னா 8-வது தலைமுறையும் அதுக்கு மேலயும். மைக்ரோசாஃப்டோட "பிசி ஹெல்த் செக்" ஆப் போட்டுப் பார்த்தா தகுதி உண்டா இல்லையான்னு சொல்லிடும்.

"டிபிஎம் இல்லை"ன்னு மட்டும் வந்தா உடனே புது லேப்டாப் தேட ஆரம்பிக்காதீங்க. நிறைய மெஷின்ல, முக்கியமா அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப்ல, அது இருந்தும் பயாஸ்ல ஆஃப் ஆகியிருக்கும். இன்டெல் போர்டுல பிடிடி, ஏஎம்டி போர்டுல எஃப்டிபிஎம்னு பேர் இருக்கும். ஆன் பண்ணா போதும்.

ப்ராசஸரே பழசுன்னா? கீ வாங்கி பிரயோஜனம் இல்லை. உங்க முன்னாடி மூணு வழி:

- அவகாசம் வாங்கறது. தனிநபர்களுக்கு விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். செட்டிங்ஸை அக்கவுண்டோட சிங்க் பண்ணா இலவசம், 1,000 ரிவார்ட்ஸ் பாயிண்ட் கொடுத்தும் எடுக்கலாம், இல்லைன்னா 30 டாலர் அல்லது அதுக்கு ஈடான தொகை. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கட்டாயம். ஒரு பதிவுல 10 மெஷின் வரை சேர்க்கலாம்.
- லினக்ஸ் போடறது. பிரவுசர், மெயில், வீடியோ மட்டும்தான் வேலைன்னா உபுண்டு, லினக்ஸ் மின்ட் இலவசம். லைசன்ஸ் கவலையே இல்லை.
- புதுசு வாங்கறது. வாங்கித்தான் ஆகணும்னா அந்த அவகாசத்தைச் சேமிப்புக்குப் பயன்படுத்துங்க. 50,000 ரூபாய் லேப்டாப், கையில 10 மாசம் இருந்தா, மாசம் 5,000 ஆர்டி. இஎம்ஐ தேவையில்லை.

இன்னொண்ணு. விண்டோஸ் 7, 8 கீயை வெச்சு இலவசமா 10-க்கு மாறலாம்னு பழைய வீடியோக்கள் இன்னும் சுத்துது. அதிகாரப்பூர்வச் சலுகை 2016 ஜூலை 29-லேயே முடிஞ்சது. அதுக்கப்புறமும் வேலை செஞ்சுக்கிட்டிருந்த வழியை 2023 செப்டம்பர்ல மூடிட்டாங்க. அதுக்கு முன்னாடியே மாறி டிஜிட்டல் லைசன்ஸ் கிடைச்ச மெஷினுக்கு மட்டும் பிரச்சினை இல்லை.

டாஸ் லேப்டாப் நிஜமாவே மலிவா?

ஒரே மாடல், விண்டோஸோட 46,000, டாஸ்னு போட்டிருக்கறது 42,000ன்னு வெச்சுக்குவோம். 4,000 மிச்சம்னு தோணும். அப்புறம் ரீடெய்ல் விண்டோஸ் 10,000-க்கு வாங்கினா மொத்தம் 52,000. 6,000 நஷ்டம். லினக்ஸ் போடப்போறவங்க, ஏற்கனவே ரீடெய்ல் லைசன்ஸ் வெச்சிருக்கறவங்க, இந்த ரெண்டு பேருக்குத்தான் டாஸ் லேப்டாப் லாபம். மத்தவங்களுக்கு அந்த 4,000 மிச்சம், கள்ள விண்டோஸ் போட்டாத்தான் மிச்சம்.

சில நூறு ரூபாய் கீ, இலவச ஆக்டிவேட்டர்

10,000 ரூபாய் பொருள் எப்படி 500-க்குக் கிடைக்கும்? அந்த மாதிரிக் கீ பெரும்பாலும் ஒரு அமைப்பு வாங்கின வால்யூம் லைசன்ஸ்ல இருந்தோ, வேற மெஷினோட வந்த ஓஇஎம் கீயோ, எங்கிருந்து வந்ததுன்னே சொல்ல முடியாததோ. இன்னைக்கு ஆக்டிவேட் ஆகும். நாளைக்கு அந்தக் கீயை பிளாக் பண்ணா போச்சு. அதைவிட முக்கியமா, ஆக்டிவேட் ஆகறது ஒண்ணு, உரிமை இருக்கறது வேற. உரிமைக்குச் சாட்சி பில். ஜிஎஸ்டி எண்ணோட முறையான பில் தர முடியாத இடத்துல நீங்க வாங்கறது 25 எழுத்து மட்டும்தான், லைசன்ஸ் இல்லை.

ஆக்டிவேட்டர் சாஃப்ட்வேர் இன்னும் மோசம். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணுங்க"ன்னுதான் முதல் வரியே இருக்கும். அதே லேப்டாப்லதான் நீங்க நெட் பேங்கிங், டீமேட், வருமான வரி போர்ட்டல் எல்லாம் லாகின் பண்றீங்க. வீட்டுச் சாவியை வாசல்ல வெச்சுட்டுப் போற மாதிரிதான் இது.

சட்டம் என்ன சொல்லுது? 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தோட பிரிவு 63பி, திருட்டு காப்பின்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர் ப்ரோகிராமைப் பயன்படுத்தினா 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய்ல இருந்து 2 லட்சம் வரை அபராதம்னு சொல்லுது. லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தலைன்னா சிறை இல்லாம 50,000 வரை அபராதத்தோட நீதிமன்றம் விடலாம். சைடுல ஃப்ரீலான்ஸ் பண்றவங்க இந்த "தொழிலுக்கு"ங்கற வார்த்தையை ரெண்டு தடவை படிங்க. லேப்டாப்போட வந்த ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் பதிப்பும் தொழில் பயன்பாட்டுக்கு இல்லைங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

வேலையை விடும்போது கம்பெனி லேப்டாப் வாங்கறீங்களா?

நிறைய கம்பெனியில பழைய லேப்டாப்பை ஊழியருக்கே குறைஞ்ச விலைக்குக் கொடுப்பாங்க. இங்க ரெண்டு விஷயம் பார்க்கணும்.

முதல்ல லைசன்ஸ். கம்பெனி போட்ட என்டர்பிரைஸ் பதிப்பு உங்களோட வராது. ஆனா வால்யூம் லைசன்ஸ்ங்கறது பொதுவா ஏற்கனவே இருக்கிற ஒரு விண்டோஸ் மேல ஏத்தற அப்கிரேடுதான். அதனால மதர்போர்டுக்குள்ள ஓஇஎம் ப்ரோ கீ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சுத்தமா அழிச்சுட்டு ப்ரோ போட்டா ஆக்டிவேட் ஆயிடும். ஆனா ஐடி டீம் அந்த மெஷினைத் தங்களோட நிர்வாகப் பட்டியல்ல இருந்து நீக்கியிருக்கணும். நீக்கலைன்னா, எத்தனை தடவை ரீசெட் பண்ணாலும் கம்பெனி லாகின் கேட்டு நிக்கும். நீக்கியாச்சுன்னு மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போதும் இதே செக்தான். கையில வாங்கறதுக்கு முன்னாடி, கடைக்காரர் எதிர்லயே ரீசெட் பண்ணி, இன்டர்நெட் இணைச்சு, ஆக்டிவேட் ஆகுதான்னு பாருங்க.

அடுத்தது வரி. கம்பெனி பயன்படுத்தின கம்ப்யூட்டரை உங்களுக்குக் கொடுக்கும்போது, முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் மிச்ச மதிப்புல 50% கழிச்சுக் கணக்கு பார்ப்பாங்க. 80,000 ரூபாய் லேப்டாப், 2 வருஷம் முடிஞ்சது. முதல் வருஷம் 40,000, ரெண்டாவது வருஷம் 20,000. நீங்க 5,000 கொடுத்து வாங்கினா, மிச்சம் 15,000 உங்க சம்பளத்தோட சேர்ந்து வரிக்கு உட்படும். கடைசி மாச ஸ்லிப்ல டிடிஎஸ் கூடியிருக்கேன்னு குழம்பாதீங்க.

பில்லை வெச்சு வரி மிச்சம் பண்ணலாமா?

சம்பளம் மட்டும்தான் வருமானம்னா, லேப்டாப்புக்கோ சாஃப்ட்வேருக்கோ தனியா கழிவு கிடையாது. ஃப்ரீலான்ஸ் அல்லது தொழில் வருமானம் இருந்து, கணக்கு எழுதி வெச்சிருந்தா, கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் 40% தேய்மானம் கிடைக்கும். வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா அதுல பாதி. உத்தேச வருமான முறையில ரிட்டர்ன் போடறவங்களுக்கு இது தனியா கிடையாது. எப்படி இருந்தாலும் முறையான பில் இல்லாம எதுவும் நடக்காது.

சேவ் பண்ணி வெச்சுக்க ஒரு சுருக்கம்

- எஸ்எஸ்டி, ரேம் மாத்தறது, ரீசெட்: லைசன்ஸ் செலவு 0.
- விண்டோஸ் 10-ல இருந்து 11, தகுதியான ஹார்டுவேர்: 0.
- தகுதி இல்லாத ஹார்டுவேர்: கீ வாங்காதீங்க, அவகாசம் எடுத்துச் சேமியுங்க.
- அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ்ல அதே மாடல் மதர்போர்டு: 0, ஆனா கேட்டு வாங்கணும்.
- வெளியில வேற மதர்போர்டு: ரிப்பேர் செலவோட சுமார் 10,000 சேர்த்துக் கணக்கு போடுங்க.
- புது லேப்டாப்: பழைய ஓஇஎம் வராது, ரீடெய்ல் வரும்.

இன்னைக்கு ராத்திரி ஆக்டிவேஷன் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்க, பிட்லாக்கர் கீயை எழுதி வைங்க. மெனு எங்க இருக்குன்னு திரையிலேயே பார்க்கணும்னா நம்ம சேனல்ல வீடியோவாவும் காட்டியிருக்கேன். உங்க ஆக்டிவேஷன் பக்கத்துல வர்ற வாசகம் புரியலைன்னா கமெண்ட்ல அந்த வாசகத்தை மட்டும் போடுங்க, ப்ராடக்ட் கீயைப் போட்டுடாதீங்க.